மயிலம்மாவின் இடுப்புப் பட்டி

"நீ துணியிலை மிச்சம் பிடிச்சனி, ருக்கியா! இல்லாட்டி ரெண்டு தரம் தோய்ச்சதுக்கு இப்பிடிச் சுருங்குமோ?"

"நானா மிச்சம் புடிச்சன்? அல்லாஹ்வே! துணி உங்கட, நூல் உங்கட. அந்த ஒரு சாண் துணியில எனக்கென்ன, தொப்பியா தைக்க ஏலும்?"

"நெஞ்சை இறுக்குதடி! உங்கட படி ஏறி வாறதுக்குள்ளை சீவன் போகுது. உன்ர பட்டிதான் என்னைக் கொல்லப்போகுது!"

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் அந்த லேனில், மாடி வீட்டின் மேல்தட்டிலிருந்து வந்தது சத்தம். கீழே மீன்காரன் தராசைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். அந்த லேனில் ஒட்டுக்கேட்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. சுவர் மெல்லியதாக இருந்தால் காது என்ன செய்யும்?

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மயிலம்மா கட்டிய சேலையோடு மகளை இழுத்துக்கொண்டு ஓடியவள். திரும்பி வந்தபோது வீட்டில் கரிதான் மிச்சம். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தப் பட்டி. மறுபடி வாங்கிச் சேர்த்த நகை, மகள் பாக்கியத்தின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் காடாத் துணிக்குள் முடிந்து, சேலைக்குள் இடுப்போடு கட்டிக்கொள்வாள். தூக்கத்திலும் அது கழலாது. குளிக்கும்போது மட்டும் கதவுக் கொளுக்கியில் தொங்கும், கண்ணெதிரே.

தைத்துக் கொடுத்தவள் மாடியில் சட்டை தைக்கும் ருக்கியா. காலம் போகப் போகப் பட்டி 'சுருங்கியது'. முதலில் ஒரு பூத்துணி ஒட்டுப்போட்டாள். பிறகு ஒரு கோடுபோட்ட துணி. போன தீபாவளிக்குக் கணவர் முத்துலிங்கம் உடுத்திய பழைய சாரத்திலிருந்து ஒரு துண்டு. இத்தனை வருடமாக ஒரு துணி எப்படிச் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்று மயிலம்மா யோசித்ததில்லை. லேன் முழுக்க யோசித்தது, சொல்லத்தான் ஆளில்லை. முத்துலிங்கம் ஒருமுறை "சுருங்கினது துணியோ, பெருத்தது நீரோ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு வேளை கடைச் சாப்பாடு சாப்பிட்டார்.

அவளைக் குண்டு என்று சொல்லவும் முடியாது. கையும் காலும் ஈர்க்குச்சி. மருந்துக்கடை வாசல் மெசினில் ஏறி நிறுத்துப் பார்ப்பாள். அது காட்டும் பாரத்திலும் நகைக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திருப்தியாக இறங்குவாள்.

இன்றைக்கு ருக்கியாவுக்கும் பொறுமை போய்விட்டது. "அப்ப கழட்டுங்களே அக்கா! கழட்டிப்போட்டு மூச்சு விட்டுப் பாருங்க!"

"கழட்டுறன்! எனக்கென்ன பயமோ?"

வீம்புதான். யார் முன்னாலும் நகையோடு கழற்றாத பட்டியை அவிழ்த்துத் தையல் மெசினின் மேல் தொப்பென்று போட்டாள். இடுப்பில் கைவைத்து நின்று, மூச்சு திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. சண்டை ஓய்ந்தும் நெஞ்சுக்குள் அதே கல். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இடது கை மரத்தது.

ருக்கியாவின் முகத்திலிருந்து கோபம் வழுக்கி விழுந்தது. "பட்டி இங்க ஈக்குது. அப்ப நெஞ்சை என்ன இறுக்குது, அக்கா?"

ருக்கியா முக்காட்டை இழுத்துவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். வண்டி காலி வீதி என்னும் பெருந்தெருவில் திரும்பும்போதுதான் மயிலம்மாவின் கை இடுப்பைத் தடவியது.

"ஐயோ, என்ர பட்டி! வண்டியைத் திருப்பச் சொல்லு!"

"மகள் நளீபாக்கிட்ட சொல்லிட்டன். அரிசி வாளிக்குள்ள போட்டு மூடுவா. உசிர் போனா அதை எங்க கட்டப்போறீங்க? பேசாம இருங்க!"

டொக்டர் இராசரத்தினம் நெஞ்சுக்கு வயர்கள் பூட்டிப் படம் எடுத்தார், பிரஷர் பார்த்தார், கடைசியில் தொப்புளைச் சுற்றி ஓர் அளவு நாடாவையும் பிடித்தார். மயிலம்மாவுக்கு அந்த நிலையிலும் ரோசம்.

"நான் குண்டில்லை டொக்டர். மெசினிலை நிறுத்தனான். அதிலையும் நகையைக் கழிக்க வேணும்."

"மெசின் பாரத்தை மட்டுந்தான் அம்மா சொல்லும். அந்தப் பாரம் எங்கை குந்தியிருக்கெண்டு சொல்லாது. கை கால் மெலிவெண்டாலும், வயித்தைச் சுத்திச் சேருற கொழுப்பு இதயத்துக்குக் கூடாது. உங்கட துணி சுருங்கேல்லை." நாடாவைச் சுருட்டினார். "நல்ல காலம், இது முன்னறிவிப்பு மட்டுந்தான். இன்னும் கொஞ்ச நாள் பட்டியிலை பழியைப் போட்டுக்கொண்டிருந்தால், என்னட்டை வந்திருக்க மாட்டியள்."

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மருந்துக் குளிசைகளோடு வீட்டுக்கு விட்டார்கள். ருக்கியா அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முடிச்சுகளை அவிழ்த்துப் பார்க்கவேயில்லை என்று மயிலம்மா சொல்கிறாள். ருக்கியா வாசல் தாண்டிய கையோடு மயிலம்மா அவிழ்த்துப் பார்த்தாள் என்று முத்துலிங்கம் சொல்கிறார். எப்படியோ, மறுநாள் காலையில் அதே வாளியோடு மயிலம்மா மாடி ஏறினாள், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

"இது இனி உன்ர வீட்டிலையே கிடக்கட்டும், ருக்கியா."

"ஏன்? நான் துணியில மிச்சம் புடிக்கிறவளாச்சே!"

"விடனடி. சண்டைக்கு வந்ததாலைதானே சீவனோடை இருக்கிறன்."

அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் இருவரும் ரயில் பாதை ஓரமாகக் கடற்கரையில் நடந்தார்கள். காவலில் நின்ற ஆமிப் பெடியன் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தினமும் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் அதட்டினான். "படெ அடு கரன்ன, மல்லி," என்றாள் ருக்கியா. வயிறு குறைக்கத்தான் தம்பி என்று கேட்டதும் அவன் தன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, அட்டைகளை நீட்டினான். வீட்டில் சொதியின் தேங்காய்ப்பால் தண்ணீராயிற்று. முத்துலிங்கம் முணுமுணுத்தபடியே சாப்பிட்டார். அவருடைய சாரமும் இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மயிலம்மா கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினாள். பெயர் ருக்கியா என்றதும் ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"என்ர நட்சத்திரத்தையே சொல்லுங்கோ ஐயா. அவளாலைதான் அது இன்னும் இருக்குது."

பாக்கியத்தின் கல்யாணத்துக்கு நகைகள் அரிசி வாளியிலிருந்து வந்தன. அட்டியலின் கல்லிடுக்கில் இரண்டு சம்பா அரிசி. கூறைச் சேலைக்குச் சட்டை தைத்தவள் யாரென்று சொல்லத் தேவையில்லை. பாக்கியம் ரொறொன்ரோவுக்குப் போனாள், நகையோடும் பிறப்புச் சான்றிதழோடும். வெறும் பட்டியை மயிலம்மா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். இடுப்பு குறையக் குறைய அதிலிருந்து சாரத்துண்டையும் கோடுபோட்ட துண்டையும் வெட்டியாயிற்று. பூத்துணி இன்னும் இருக்கிறது.

நளீபா தெஹிவளையில் வாழ்க்கைப்பட்டாள். ருக்கியாவும் மகளோடு அங்கேயே குடிபோனாள். பஸ் நிறையவே உண்டு. மயிலம்மா ஏறுவதில்லை. கையில் அடையாள அட்டையோடு, கடற்கரையால் நடந்தே போய், ருக்கியா கொடுக்கும் சீனி போடாத தேநீரைக் குடித்துவிட்டு நடந்தே வருகிறாள்.