அடங்கும்வரை பேச்சு

வெறும் சவப்பெட்டியையே வாசல் வழியாக நேராக நுழைக்க முடியவில்லை. சாய்த்துக் கொண்டுபோகலாம் என்று ஆட்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, யூனிஸின் கையிலிருந்த நைனாவின் போன் அடித்தது.

கரும்பு டிராக்டர் ஓட்டும் வேணு.

"அண்ணா, ஆலை வாசல்ல வரிசைல நிக்கிறேன். முன்வண்டிக்காரன் பீடி பத்தவெச்சிட்டான். வாசன வருது. எனக்கும் ஆசையா வருதுண்ணா. எதுனா பேசு."

விடியற்காலையில் நைனா இறந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

யூனிஸின் அப்பா, நைனா சுந்தர்சிங், கரும்பு வெட்டிச் சுமை ஏற்றியவர். அவர் பீடியை விட்டபோது நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. சுகாதார நிலையத்து நர்சம்மா கரும்பு ஆட்களை உட்காரவைத்துச் சொன்னார்: "ஆசை வந்தா தனியா நிக்காதீங்க. உங்க கூட பீடிய விட்டவங்க யார்கிட்டயாவது பேசுங்க. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்." அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் பிறகு ஒருவரையொருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழை, மாமியார், சினைமாடு, எதையாவது பேசுவார்கள். கடைசி நாட்களில் நைனாவுக்குப் பேச மூச்சில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆங்... ஆங்..." என்பார். எதிர்முனைக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஆங்," என்றாள் யூனிஸ்.

"பாப்பாவா? நைனா எங்க?"

"உள்ள படுத்துகினு இருக்காரு." அது பொய்யில்லை. "நீங்க சொல்லுங்கண்ணா. பிரேமா அக்காவுக்கு முட்டிவலி எப்டி இருக்கு?"

வேணு மனைவியைப் பற்றிப் பேசினார். தைலம், திருவள்ளூர் டாக்டர், படியேறி முருகனைப் பார்ப்பேன் என்று அக்கா பிடிக்கும் அடம். உள்ளே பெட்டி தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. யூனிஸ் சுவரோரமாகத் திரும்பிப் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்னா சத்தம் அங்க?"

"ஆளுங்க வந்திருக்காங்க. அப்பறம்?"

பேச்சு மெல்ல நிதானமானது. "அடங்கிடுச்சு பாப்பா," என்றார் வேணு.

அதற்கப்புறம்தான் நைனா போய்விட்டதை அவள் சொன்னாள். மறுமுனையில் தீக்குச்சி உரசும் சத்தம் வருமோ என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டாள். எங்கோ ஹாரன் அடித்தது.

"வண்டிய ஓரங்கட்டிட்டு வரேம்மா," என்றார். குரல் உடைந்திருந்தது.

நைனாவைப் பெட்டியில் வைக்குமுன் தம்பியைக் கூப்பிடப் பின்பக்கம் போனாள். குழாயடியில் டேவிட்சன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். சிமெண்ட்டில் ஓடிய தண்ணீர் சிவந்திருந்தது. அவளைக் கண்டதும் காலால் தேய்த்தான்.

"வெத்தல," என்றான்.

டேவிட்சன் வெற்றிலை போடுகிறவன் இல்லை. சட்டைப்பையில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் நைனா இவனையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பேசினா பீடி போயிடுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன்.

"வா, தூக்கணும்," என்றாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வேணு கண்கள் வீங்கக் கடைசியாகக் கிளம்பிப் போனார். யூனிஸ் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டேவிட்சன் தயங்கித் தயங்கி வந்தான்.

"காலைல வேணு அண்ணன்கிட்ட அவ்ளோ நேரம் என்னாக்கா பேசின?"

"பிரேமா அக்கா முட்டிவலி."

அவன் சிரிக்கவில்லை. கை சட்டைப்பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

யூனிஸ் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி அவன் முன்னால் போட்டாள். அவன் உட்காரவில்லை. இருமல் வந்தது; நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, அது ஓயும்வரை குனிந்து நின்றான்.