விசிறியைத் திருப்பிய கை

டிராம்பேயில் தன் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த பழைய படகின் பின்பக்க டிரைவை, தண்ணீரைத் தள்ளும் விசிறியுள்ள பாகத்தை, இசக்கிமுத்து கழற்றிப் பழுதுபார்த்து முடித்தான். திரும்ப மாட்டத்தான் முடியவில்லை. உள்ளே தண்டின் பற்கள் எஞ்சினோடு சேர மறுத்தன. மத்தியானம் கழிமுகத்தில் நீர் ஏறும்போது படகை இறக்காவிட்டால், கிடைத்த வேலை கைவிட்டுப் போய்விடும்.

தன் வாசலில் எண்ணெய் சிந்துகிறதென்று பத்து நாளாய்ச் சண்டை போட்ட எதிர்வீட்டுச் சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, மாடு மாதிரி முட்டிக்கிட்டு நிக்கே?"

"யாராச்சும் விசிறியை லேசாத் திருப்புனா ஏறிரும்க்கா."

"வாயைத் திறந்து கேட்டா என்னவாம்?"

சேலையைச் செருகிக்கொண்டு அவள் திருப்பினாள். அவன் தள்ளினான். பற்கள் சேர்ந்து டிரைவ் உள்ளே ஏறியது. கடவுள் பாதி உதவியைச் சண்டைக்காரர் கையில்தான் வைத்திருக்கிறார்.

போல்ட்டுகளை முறுக்கியதும் அவன் துணியோடு அவள் வாசலுக்குப் போனான்.

"ஜல்தி போலே, தண்ணி ஏறுது!"

"இதைத் துடைச்சிட்டுப் போறேன்க்கா."