ஒரே போத்தலில் சோடி

ஆணையும் பெண்ணையும் ஒரே போத்தலில் போட்டது ஷாமிளாவின் பிழைதான். இறப்பர் தோட்டத்தில் கிடைக்கும் போத்தல் எல்லாம் பால் உறைய ஊற்றும் அசிட் நாறும். பத்துத் தரம் கழுவினாலும் நெடி போகாது. உள்ளே விட்ட பூச்சி செத்துப்போகும். அந்தப் பயத்தில், இருந்த ஒரேயொரு ஜாம் போத்தலில் இரண்டையும் அடைத்துக்கொண்டு கித்துல்கல ரோட்டில் நின்றாள்.

பல்கலைக்கழகத்து நுஸ்கா மிஸ் கேட்டது குதிக்கும் சிலந்தியில் ஒரு சோடி, உயிரோடு. இன்றைக்குள் யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு ஆறு மாதம் காட்டில் மிஸ்ஸோடு வேலை. கலவானயிலும் ஒருவன் தேடுகிறான். கிடைத்தால் விடியலில் முந்நூறு மரத்தில் பால் வெட்டும் கத்தியைக் கீழே வைக்கலாம். ஆணை யாரும் கண்டுபிடிப்பார்கள்: முகம் செங்கல் சிவப்பு, காலில் பச்சை மினுக்கம். பெண் வெறும் பட்டை நிறம். ஏழு வருஷமாகப் பட்டையையே பார்ப்பவளுக்குத்தான் அது தெரியும்.

கங்காணி ஏழுமலை அந்தப் பக்கம் வந்தார்.

"என்னடி, பூச்சிக்குக் கலியாணமா?"

"ஆமாங்க. ஒங்களுக்குப் பந்தியில எடம் இல்ல."

"வாயி மட்டும் கொறையல. பால் நிறுக்க வந்து சேரு."

போத்தலுக்குள் ஆண் முன்னங்கால்களைத் தூக்கியது. இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, நின்று, வலப்பக்கம் நகர்ந்தது. வயிறு துடித்தது. மரத்தில் இதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லையென்றால் பெண் உடம்பையே திருப்பி, இரண்டு பெரிய கண்ணாலும் முறைக்கும். உடனே ஆண் நூலை ஒட்டிவிட்டுத் தாவிவிடும். வலை கட்டாத சாதி. ஓட்டம்தான் காப்பு.

பெண் திரும்பியது.

ஆண் தாவியது. கண்ணாடி. மறுபடி தாவியது. மூடி. ஷாமிளாவின் விரல் மூடிமேல் இருந்தது. திறந்தால் இரண்டும் ஒரே குதியில் புல்லுக்குள் போய்விடும். வளைவில் மிஸ்ஸின் வேன் ஹோர்ன் கேட்டது. 'ஒரு நிமிசம் தாங்குடா' என்று பல்லைக் கடித்தாள். திறக்கவில்லை.

நுஸ்கா இறங்கி வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். பெண்ணின் வாயில் ஆண் தொங்கியது. பச்சைக் கால்கள் மடங்கியிருந்தன.

"சோடியா போட்டீங்களா?"

"வேற போத்தல் இல்ல, மிஸ்."

"உங்கள நம்புறேன். ஆனா உயிரோட சோடி இல்லாம வேலைக்குப் பேர் எழுத ஏலா. கலவான ஆள் காலையிலயே கோல் எடுத்தார், சோடி கிடைச்சிட்டாம்."

வேன் போய்விட்டது. ஷாமிளா மூடியைத் திறந்து போத்தலைப் புல்லில் சாய்த்தாள். பெண் வெளியே வரவில்லை. அதற்குச் சாப்பாடு முடியவில்லை.