ஜெனரலின் எடை, கால் கட்டைவிரல் உபயம்

படையில் ஒருவனுக்கும் தொப்பை இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட ஜெனரல் ஓர் அறைக்குள் வந்தால், முதலில் அவருடைய தொப்பைதான் உள்ளே வரும். அதன் மேலேயே பதக்கங்கள் வரும். கொஞ்சம் பொறுத்து ஜெனரல் வருவார். இதைப் பார்த்து யாரும் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. சிரித்தால் வேலை போய்விடும் என்கிற இடத்தில் மனிதர்களுக்குத் தன்னால் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

உத்தரவு இதுதான். வருடாந்திர எடை பார்ப்பில் அளவுக்கு மேல் இருக்கிற சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடையாது. ஒரு மாதத் தவணை கொடுப்பார்கள். அதற்குள் இளைக்காவிட்டால் கட்டாய ஓய்வு. 'தொப்பை என்பது துரோகம்' என்று முகாமின் சுவர்களிலெல்லாம் ஆளுயர எழுத்தில் எழுதிவைத்தார்கள். சமையற்கூடத்துச் சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த உத்தரவு யார் தலையில் விடிந்தது தெரியுமா? எடை பார்க்கிற மனிதரின் தலையிலேயே விடிந்தது. முகாம் மருத்துவமனை உதவியாளர் அவர். எல்லோருக்கும் 'தராசு'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு ஏழு கிலோ கூடுதல். பதவி உயர்வு வந்தால் இன்னும் நான்கு வருடம் பணியில் இருக்கலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போனால் போகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். மகள் முகாமின் செவிலியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே இடம். அப்பா வெளியே போனால் மகளும் பாதிப் படிப்போடு வெளியே போக வேண்டியதுதான்.

அதனால் வீட்டில் மனைவி ராணுவ ஆட்சியே நடத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மத்தியானத்துக்கு வெள்ளரிக்காய் குடுத்தனுப்பினேனே, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்."

"அப்ப சட்டைப் பையில பிஸ்கட் தூள் எப்படி வந்துச்சு? வெள்ளரிக்காய் உதிர்ந்துச்சா?"

தராசு சட்டைப் பையை உதறிக்கொண்டார். மகள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ, அவருக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜெனரல் மட்டும் எப்படித் தேறினார் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எடை அறையில் இருப்பது பழைய இரும்பு எந்திரம். கீழே ஒரு பலகை, எதிரே தூண், தூணின் உச்சியில் முள் ஓடும் வட்டம். சிப்பாய் ஏறினால் டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முள்ளையே முறைப்பார். அதிகாரி ஏறினால் அதே டாக்டர் ஜன்னல் பக்கம் போய் மரத்தை ரசிப்பார். அந்த மரத்தில் அப்படி என்னதான் இருந்ததோ. தராசு அதிகாரியின் தொப்பியைப் பணிவாக வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்பார். நின்றபடியே காலணியின் முனையைப் பலகைக்கு அடியில் நுழைத்து, கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்புவார். முள் இறங்கும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வந்ததும் எண்ணைச் சொல்வார். அதிகாரி எதிர்ச் சுவரைப் பார்த்து விறைப்பாக நிற்பார். இறங்குவார், தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இதை யார் ஆரம்பித்துவைத்த புண்ணியவானோ தெரியாது. இவருக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஓய்வு பெறும்போது அறைச் சாவியோடு சேர்த்து இதையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். எந்த அதிகாரியும் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மற்ற அதிகாரிகளுக்காவது விஷயம் தெரியும். ஜெனரலுக்கு அதுகூடத் தெரியாது. வருடா வருடம் எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு என்று கேட்டுக் கேட்டு, தன் எடை எழுபத்தெட்டுதான் என்று மனிதர் மனதார நம்பிவிட்டார். சட்டை இறுகினால் தையற்காரரைத் திட்டுவார்.

தவணை நெருங்க நெருங்கத் தராசுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் டாக்டரிடம் மென்று விழுங்கிக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"சார், அடுத்த வாரம் நான் ஏறுறப்போ... நீங்க கொஞ்சம் மரத்தைப் பாக்கக் கூடாதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா பேசுற? உடம்பைக் கட்டுப்பாடா வச்சுக்கறதுதான் ராணுவ ஒழுக்கம். என்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்றியா?"

"உங்களுக்கும் நான்தானே சார் வருஷா வருஷம்..."

"அது வேற."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தராசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம் டாக்டருக்கு நெம்பியதில்தான் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் நொண்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜெனரலுக்கு ஒரு யோசனை உதித்தது. மறு எடை பார்ப்பை அறைக்குள் வைக்கக் கூடாது, அணிவகுப்பு மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டும். குடும்பங்களும் வந்து உட்காரட்டும். தோற்ற சிப்பாய்கள் ஏறி முடித்ததும், ஒழுங்கான உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமாகக் கடைசியில் தானே ஏறிக் காட்டப்போவதாக அறிவித்துவிட்டார். பொய்யை நம்பாத எந்த மனிதருக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது. சேதி கேட்ட டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. நேராகத் தராசைத் தேடிக்கொண்டு ஓடி வந்தார்.

"தராசு, பெரியவர் ஏறுறப்போ நீதான் தொப்பியைப் பிடிக்கிற. வழக்கம்போல."

"வழக்கம்போலன்னா சார்?"

"விளையாடாத. அன்னைக்கு மானத்தைக் காப்பாத்திட்டேன்னா உன் விஷயத்தை அப்புறம் தனியா நான் பாத்துக்கறேன். நானாச்சு."

தராசு சரி என்றார். சத்தியமாக நெம்புவதாகத்தான் இருந்தார். மகளின் படிப்புக்காக ஜெனரலை என்ன, அவர் ஏறிவரும் ஜீப்பையே நெம்பச் சொன்னாலும் நெம்பியிருப்பார்.

அன்று காலை எந்திரத்தை மைதானத்தின் நடுவே சிமெண்டு மேடையில் வைத்தார்கள். ஒரு பக்கம் அதிகாரிகள் நிழலில், ஒரு பக்கம் குடும்பங்கள் பந்தலில், நடுவே சிப்பாய்கள் வெயிலில். முள்ளைப் பார்த்து ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்ல உடற்பயிற்சி ஆசிரியரை நிறுத்தியிருந்தார்கள். சிப்பாய்களுடைய எடையை மட்டுமே பார்த்துப் பழகிய அப்பாவி அவர். முள் காட்டுவதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

தோற்றவர்கள் ஒன்பது பேர். முதலில் 'பீப்பாய்' என்கிற சமையல்காரர் ஏறினார். ஒரு மாதமாகத் தான் சமைத்ததைத் தானே தொடாமல் பட்டினி கிடந்தும் நான்கு கிலோ கூடுதல். நிழலில் சிரிப்பு. ஒவ்வொருவராக ஏறினார்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் நிழல் சிரித்தது. கடைசியில் தராசு ஏறினார். இன்னும் மூன்று கிலோ கூடுதல். அத்தனை வெள்ளரிக்காயும் வீண்.

ஜெனரல் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தார். பிரம்பின் நுனியால் தராசின் வயிற்றில் ஒரு குத்து குத்தி, ஒலிபெருக்கிக்குக் கேட்கும்படி பேசினார்.

"இது என்னய்யா? இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நாட்டைக் காப்பாத்துவியா, இல்ல நாடு உன் வயித்தைக் காப்பாத்தணுமா?"

நிழல் விழுந்து விழுந்து சிரித்தது. தராசு பந்தலைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்திருந்தாள். மகள் குனியவில்லை. கண் கலங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெனரலின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவமானம் கொஞ்ச நேரம்தான். அது போன இடத்தில் கோபம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஜெனரல் தொப்பியைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். தராசு வாங்கிக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றார். ஜெனரல் பலகையில் ஏறினார். டாக்டர் மரத்தைத் தேடினார். மைதானத்தில் மரம் இல்லாததால் வானத்தைப் பார்த்தார். தராசு இரண்டு குதிகால்களையும் சேர்த்து, அணிவகுப்பில் நிற்பதுபோல அழகாக நின்றுகொண்டார்.

முள் கிறுகிறுவென்று ஓடியது.

"நூற்று மூன்று," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர் ஒலிபெருக்கியில், தெளிவாக, கணீரென்று.

ஆயிரம் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு விம்மல் கேட்கும், அது மட்டும் கேட்டது. ஜெனரல் குனிந்து பார்த்தார். தொப்பை மறைத்ததால் பலகை தெரியவில்லை. நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார்.

"எந்திரம் கெட்டுப்போச்சு," என்றார்.

"ஆமா சார், கெட்டுப்போச்சு," என்றார் டாக்டர், எண்ணைக்கூடப் பார்க்காமல்.

பீப்பாய்க்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "அப்ப எங்க எடையும் தப்புதானே சார்?" என்று கேட்டுவிட்டார். பந்தலில் யாரோ கை தட்டினார்கள். ஜெனரலின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "விசாரணை நடக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே போனது.

விசாரணைக்கு வந்தவர் பிரிகேடியர். உடுப்பில் சுருக்கமே விழாத மனிதர், அதனால் சிப்பாய்கள் வைத்த பெயர் 'கஞ்சி'. மறுநாள் காலை, எந்திரம் திரும்பி வந்துவிட்ட எடை அறையில் உட்கார்ந்துகொண்டு, தோற்ற ஒன்பது பேரில் தராசை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மற்றவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். தீர்ப்பைத் தயாராகவே கொண்டுவந்திருந்தார் கஞ்சி.

"சிப்பாய்ங்க ஏறின வரைக்கும் எந்திரம் சரியாத்தான் இருந்துச்சு. ஜெனரல் ஏறின உடனே கெட்டுப்போச்சு. இதுதான் முடிவு. ஆமான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக்கறேன்."

"அப்ப எங்க எடை?"

"அப்படியேதான் இருக்கும். ஒன்பது பேரும் மாசக் கடைசியில கெளம்பணும்."

"ஜெனரல் எடை?"

"எழுபத்தெட்டு."

தராசு எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதம் முழுக்க இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. போக வேண்டியதுதான் என்று தெரிந்த பிறகு எதற்குப் பயப்படுவது?

"முழுசாவே எழுதிக்குங்க சார். இது சிப்பாய் ஏறினா சரியா இருக்கும். அதிகாரி ஏறினா கெட்டுப்போகும். நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். போன வருஷம் நீங்க ஏறினப்பவும் கெட்டுப்போச்சு. ஞாபகம் இல்லையா?"

கஞ்சியின் பேனா நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"இந்த வாரம் எனக்கும் எடை பாக்கணும். மேல்பதவிக்கு என் பேரு போயிருக்கு. உன்னை விட்டா அந்த வேலை தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது." தொப்பியைக் கழற்றி நீட்டினார். "அதை முடிச்சிடு. அப்புறம் பேசிக்கலாம்."

சிப்பாயை வீட்டுக்கு அனுப்ப வந்த மனிதர், அனுப்புவதற்கு முன்னால் அவனுடைய கட்டைவிரலைக் கடன் கேட்கிறார். தராசுக்கு வந்த சிரிப்பில் ஒரு மாதத்துக் கோபமும் கரைந்துபோனது. தொப்பியை வாங்கவில்லை. நேராகப் போய்ப் பலகையில் ஏறி, எதிர்ச் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார்.

"என்னய்யா பண்ற?"

"விரல் வீங்கிப்போச்சு சார். இந்தத் தடவை நீங்க பின்னால நில்லுங்க. மூணு கிலோதான், சும்மா லேசா நெம்பினாப் போதும். முதல்ல நான். அப்புறம் ஆறின பிறகு உங்களுக்கு நான் பாக்கறேன். வேணாம்னா பரவாயில்ல, கதவைத் திறந்துவிடுங்க, வாக்குமூலத்தை வெளியில எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

கஞ்சி சாத்திய கதவைப் பார்த்தார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார். மேல்பதவியை நினைத்துக்கொண்டார் போல. பெருமூச்சு விட்டு, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த பூட்ஸின் நுனியைப் பலகைக்கு அடியில் நுழைத்தார். முள் நடுங்கியது, பிறகு பணிவாக இறங்கியது.

"போதுமா?"

"இன்னும் ஒரு துளி சார். ஆங், அப்படியே வச்சிருங்க."

"வலிக்குதுய்யா."

"எங்களுக்கும் வலிக்கும் சார்," என்றார் தராசு. பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "பீப்பாய், அடுத்து நீ. மத்த ஏழு பேரும் அப்படியே வரிசையில வாங்க."