கயிறு பிடித்த கட்டைவிரல்

கயிறு இழுத்த காலத்தில் றிப்திக்கு முதுகு நொந்திருக்கிறது, தோள் நொந்திருக்கிறது, கெண்டைக்கால் இறுகிப் புரண்டு கிடந்திருக்கிறான். பிடரி மட்டும் ஒருநாளும் நொந்ததில்லை. இப்போது நொந்தது. இருபத்திரண்டு நாள் லெப்டொப்புக்கு முன்னால் குனிந்திருந்ததில் யாரோ ஆணி இறக்கிவிட்ட மாதிரி ஒரு குத்து. உழைத்த நோவென்றால் சோறு தின்றுவிட்டுப் படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் கூடவே படுத்தது.

மருதமுனைக் கடற்கரையில் கரைவலைக்குக் கயிறு இழுக்கிறவன் அவன். வயது இருபத்தைந்து. ஒரு வருஷமாகப் போனிலேயே பார்த்துப் பார்த்து அப், அதாவது செயலி, செய்யப் பழகினான். பிறகு கல்முனையில் மருந்து விற்கிற ஒரு பாமசிக்கு மேல்மாடியில் அஸ்கி நடத்துகிற சின்னக் கம்பனியில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சி காலையில். காலை என்றால் கடல் நேரம்.

அதனால் கயிற்றில் றிப்தியின் இடத்தில் மர்சூக் நின்றார். அந்த வலையின் ஆட்களுக்கு அவர்தான் தலைவர்; மணலில் நடந்து சத்தம் போடுவதுதான் அவர் வேலை. முப்பது வருஷம் இழுத்துவிட்டு, இனிப் போதும் என்று கயிற்றை விட்டவர், றிப்திக்காகத் திரும்பிப் பிடித்தார். மீன் பங்கு வழமைபோல் றிப்தியின் உம்மாவிடம் போனது. அந்தக் கரையில் ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் நின்றால் அதைக் காசால் தீர்க்க முடியாது. அவனும் கயிற்றில் நின்று, அன்றைய பங்கைக் கடன் தந்தவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாளுக்கு நாள். கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைகள் கழித்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

றிப்தி செய்த செயலியும் அந்தக் கரைக்குத்தான். வலை போடுகிற இடத்தைப் பாடு என்பார்கள். ஒரே பாட்டில் ஆறு வலை. ஒன்றன்பின் ஒன்றாக முறை. ஒரு வலை கடலில் இறங்கினதும் அடுத்த வலைக்காரர் வீட்டில் இருக்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். பிந்தினால் பத்து மணிக்குக் கச்சான் காற்று எழும்பிவிடும், அன்றைய முறை போச்சு. போனில் ஆறு வலைக்கும் ஆறு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு பச்சைப் பட்டன்: ‘போட்டாச்சு’. அமத்தினால் அடுத்தவரின் போன் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

அஸ்கி சொல்லியிருந்தான்: “ஏழு கடல் நாள் அவங்க பாவிக்கட்டும். நீ கரையில நிண்டு சொல்லிக் குடுக்கக் கூடா. ஒரு முறையும் தவறாம ஓடினா உனக்கு வேல. இல்லாட்டி நல்ல பொடியன் எண்டு சொல்லி அனுப்புவன்.”

முதல் நாள் புதன். பத்தேகாலுக்கு றிப்தியின் போன் அடித்தது. அடுத்த வலையின் சொந்தக்காரர் ஜெமீல். அவர் பேசியதில் பாதியை வீட்டில் சொல்ல முடியாது. றிப்தி சைக்கிளை மிதித்துக் கடற்கரைக்குப் போனபோது காற்று எழும்பி, கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

“அமத்தினன்டா,” என்றார் மர்சூக். “ஒருக்கா ரெண்டுதரம் இல்ல, இருபதுதரம் அமத்தினன்.”

“நீ அமத்தினாயோ தடவிக் குடுத்தாயோ எனக்கென்ன தெரியும்?” ஜெமீல் சாரத்தை மடித்துக் கட்டினார். “என்ட ஆக்கள் வீட்டுல இருந்து பாண் திண்டுக்கிட்டு இருக்கானுகள். முறை போயிட்டு.”

றிப்தி மர்சூக்கின் போனை வாங்கிப் பட்டனைத் தொட்டான். ஜெமீலின் சட்டைப்பையில் மணி அடித்தது.

“இப்ப அடிக்குது. ஆள் செத்து மையத்த அடக்கினதுக்குப் பிறகு வந்த டொக்டர் மாதிரி!”

இழுக்கிற ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் சொன்னான்: “இவன்ட கைக்கு மட்டும்தான் வேலை செய்யும் போல. இவனையே கரையில முளை அடிச்சுக் கட்டிப் போடுவம்.”

றிப்தி ஒளிக்கவில்லை. அஸ்கிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னான். அஸ்கி சொன்னான்: “சனியில இருந்து திரும்ப ஒண்டெண்டு எண்ணுவம். அதுக்குப் பிறகு பேச்சில்ல, கோவிக்காத.”

புதன் பின்னேரம் முழுக்க றிப்தி அந்தப் பட்டனோடு இருந்தான். அமத்தும்போது ஓடவேண்டிய கட்டளையைப் பார்த்தான், அது ஓடியது. திரையில் இருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் சிவப்புக் கோடு போட்டு எல்லை பார்த்தான். வளவுக்கு வேலி அடித்துப் பார்க்கிற மாதிரி. அப்போதுதான் தெரிந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் பெட்டி பட்டனின் பாதிக்கு மேல் படுத்திருந்தது. முந்தி ஏதோ எழுத்து வைத்திருந்தான். எழுத்தை அழித்தவன் பெட்டியை அழிக்க மறந்துவிட்டான். அந்தப் பாதியில் தொட்டால் தொடுகை பெட்டிக்குத்தான் போகும். பெட்டியைத் தூக்கி எறிந்தான். எழுத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, போனைச் சரித்து, நிமிர்த்தி, நூறுதரம் தொட்டான். நூறுதரமும் மணி அடித்தது. சோறு இறங்கியது.

வியாழன் காலை, கணக்குச் சனியில் இருந்துதானே என்று, தானே கரைக்குப் போய் நின்று பார்த்தான். வலை இறங்கியது. மர்சூக் பட்டனை அமத்தினார். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஒன்றுமில்லை. ஜெமீல் இந்தமுறை போனை நம்பாமல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“கண்டாயா? என்ட பழைய காலே போதும்,” என்று ஆட்களைக் கூப்பிட நடந்தார்.

சனிக்கு முன்னால் றிப்திக்கு நாளையொரு நாள்தான் இருந்தது.

“என்ன பாத்துக்கிட்டு நிக்காய்?” என்றார் மர்சூக். “வடக்குக் கயிறுக்கு ஒரு ஆள் குறைவு. என்ட இடுப்பும் விட்டுட்டு. போய்ப் பிடி. பத்தொன்பதுல ஒண்டாவது கழியட்டும்.”

மறுக்க ஏலாது. றிப்தி காற்சட்டையை உருட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். இருபத்திரண்டு நாளில் உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து, கீழே புதுத் தோல் வந்திருந்தது. ஈரக் கயிறும் மணலும் அந்தத் தோலை முதல் கால்மணியிலேயே எடுத்துவிட்டன. பின்வாங்கி நடந்து, கயிற்றின் வாலில் விட்டு, ஓடி முன்னுக்கு வந்து திரும்பப் பிடித்து, ஒன்றேமுக்கால் மணி நேரம். மீன் சேர்ந்திருக்கிற வலைமடி கரைக்கு வந்தபோது விரல்களை நிமிர்த்த முடியவில்லை. கீரி மீன் நல்லாய்ப் பட்டிருந்தது. றிப்தியின் பங்கு, ஒரு கூடை, மர்சூக் வீட்டுக்குப் போனது.

மணலில் குந்திக்கொண்டு தன் போனை எடுத்தான். வேறு எண்ணமில்லை, பார்க்கலாமென்றுதான். பட்டனைத் தொட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பத் தொட்டான். பட்டன் ஒரு நெல்லளவு கீழே இறங்கி, விட்டதும் மேலே போனது. அவன் விரலையே பார்த்தான். மரத்துப் போன கட்டைவிரல் திரையில் பட்டதும் தானாகவே அவன் பக்கம் வளைந்து இழுத்தது. இவ்வளவு நேரம் கயிறு பிடித்த கை. எதைத் தொட்டாலும் தன் பக்கம் இழுக்கத்தான் அதற்குத் தெரியும். பட்டன் இருந்ததோ மேலும் கீழும் உருளுகிற பட்டியலுக்குள். தொட்டுத் தூக்கினால்தான் அது அமத்தல். தொட்டுக் கொஞ்சம் இழுத்தால் இவன் பட்டியலை உருட்டுகிறான் என்று போன் முடிவெடுத்து, அமத்தலைக் கைவிட்டுவிடும். மர்சூக் அழுத்த அழுத்த இன்னும் இழுபட்டிருக்கும்.

“காக்கா, ஒருக்கா அமத்துங்க. கெதியா இல்ல, எப்பவும் போல,” என்று மர்சூக்கிடம் போனை நீட்டினான். அந்தப் பக்கத்தில் அண்ணன் என்றால் காக்கா.

மர்சூக் அமத்தினார். பட்டியல் ஆடியது.

“என்ன, என்ட கை பிழையாடா?”

“இல்ல காக்கா. நான் பட்டன் வச்ச இடம் பிழை. மூணு கிழமையா மெத்தெண்ட கையால தொட்டுப் பாத்துட்டுச் சரியெண்டு நினைச்சிட்டன்.”

“அப்ப முப்பது வருஷம் இழுத்த கையில பிழையில்ல?”

“இல்ல.”

“அத அந்த ஜெமீலுக்கிட்டச் சொல்லு. தடவினன் எண்டான்.”

வெள்ளிக்கிழமை கடல் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னும் பின்னும் றிப்தி திருத்தினான். பட்டனைப் பட்டியலுக்குள் இருந்து பிடுங்கி, திரையின் அடியில் அசையாமல் வைத்தான். ஆறு பட்டன் எதற்கு? யாருடைய முறையோ அவருக்கு மட்டும் ஒன்று, திரையின் அகலத்துக்கு. விரல் இழுபட்டாலும் பட்டனுக்குள் நிற்கும்வரை அமத்தலாகவே எடுக்கச் சொன்னான். பிறகு வளவில் தென்னையில் கயிற்றைக் கட்டி, கொப்புளம் உடைந்த கையாலேயே கால்மணி இழுத்துவிட்டு வந்து அமத்தினான். உம்மா குசினி வாசலில் நின்று பார்த்தாள். மணி அடித்தது. முப்பது தரம் செய்தான்.

சனி தொடங்கியது. அவன் கரைக்குப் போகக் கூடாது; மர்சூக் திரும்பவும் அவன் இடத்தில் கயிறு பிடித்தார். றிப்தி பாமசிக்கு மேலே குந்திக்கொண்டு, போன் அடிக்கக் கூடாதென்று போனையே பார்த்தான். திங்கட்கிழமை அடித்தது. ஆறு வலையில் ஒன்றின் சொந்தக்காரர், பெரியநீலாவணைப் புண்ணியமூர்த்தி. அவருடைய போனில் சார்ஜ் இல்லை, மகன்ட போனில் இருந்து கதைக்கிறார். தன்ட முறையை எப்படிச் சொல்வது என்று கேட்டார். றிப்தி மகனின் போனுக்கும் செயலியை அனுப்பிக் கொடுத்தான். அது செயலியின் பிழை இல்லை என்று அஸ்கி ஒத்துக்கொண்டான், கொஞ்சம் யோசித்துத்தான். நடுவில் வெள்ளி போய், அடுத்த சனியோடு ஏழு கடல் நாளும் முடிந்தன. ஒரு முறையும் தவறவில்லை.

“நாளைக்குக் காலம எட்டரைக்கு வா,” என்றான் அஸ்கி. “வெள்ளி மட்டும்தான் லீவு.”

அஸர் தொழுகை முடிந்து றிப்தி மர்சூக்கின் வீட்டுக்குப் போனான். மனுஷன் இடுப்பில் எண்ணெய் தடவிக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

“வேல கிடைச்சிட்டு காக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ். லீவு எப்ப?”

“வெள்ளி.”

மர்சூக் தலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “வெள்ளி கடலுக்கும் லீவு.”

“முதல் சம்பளத்துல இருந்து...”

“வாயப் பொத்து. காசுக்கா நிண்டனான்? என்ட இடுப்புக்கு உன்ட கம்பனிச் சம்பளமா?” அவர் திரும்பப் படுத்தார். “கயிறு கிடக்குது. கடல் கிடக்குது. எண்டைக்காவது வா.”

றிப்தி வாசல் கடப்பைச் சாத்திவிட்டு வெளியே வந்தான். பத்தொன்பதில் ஒன்று கழிந்தது, ஏழு கூடியது. மர்சூக்குக்கு அவன் இருபத்தைந்து நாள் கயிறு இழுத்துக் கொடுக்க வேண்டும்.