திங்கட்கிழமைக் கையெழுத்துகள்

அன்று காலை பத்தரை மணிக்குக் குழந்தைகள் இல்லத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நீள மேசையின் தலைப்பக்கம் இல்லத் தலைவி. அவருக்கு வலப்பக்கம் வக்கீல், இடப்பக்கம் டாக்டரம்மா. ஜன்னலோர நாற்காலியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. அவர் மடியில் 'வாலு' என்று நாங்கள் கூப்பிடும் ஆறு வயதுப் பெண் குழந்தை. கதவோரம், கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் நான்.

பதினோரு நாளில் வாலுவுக்கு விமானம். கடல் தாண்டி ஒரு தம்பதி அவளைத் தத்தெடுத்திருந்தார்கள். கணவர் தச்சர், மனைவி பள்ளி ஆசிரியை. நல்ல முகங்கள். வாலுவுக்காக அடித்த மஞ்சள் கட்டிலின் படத்தைக்கூட அனுப்பியிருந்தார்கள்.

வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கும் முன், குழந்தையை இல்லத்தில் சேர்த்தவர் கொடுத்த முகவரிக்கு மூன்று பதிவுத் தபால் போக வேண்டும். எட்டு மாதத்தில் மூன்றும் போயின. 'ஆள் இல்லை' என்று மூன்றும் திரும்பின. எழுதியவன் நான். 'கேட்பார் எவருமில்லை' என்று கோர்ட்டுக்கு எழுதியவனும் நானே.

"ஏரோப்ளேன்ல போகப் போறியே, பயமா இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல. அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

தலைவி சிரித்தார். "உன் புது அம்மா அங்கதான்டா இருக்காங்க."

"அவங்க இல்ல. ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வர்ற அம்மா."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஆயாம்மா தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கிழமை நான் லீவும்மா, எனக்குத் தெரியாது."

வாட்ச்மேனைக் கூப்பிட்டோம். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர், விஷயம் புரியாமல் சிரித்தார்.

"யாரு, வாலுவோட அம்மாவா? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருமே. கேட்டுப் பக்கத்து பெஞ்சில உக்காந்து தலை வாரி விட்டுட்டுப் போகும். வேலை செஞ்ச வீட்ல துரத்திட்டாங்களாம். இப்ப துணி கம்பெனி ஹாஸ்டல். அங்க புள்ளைங்களை விட மாட்டாங்க."

"ஏன்யா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று வக்கீல் மேசையைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை ஆபீசே பூட்டு சார். நான் யார்கிட்ட சொல்ல? நோட்டுல எழுதி, திங்கக்கிழமை காலைல மேசைல வெச்சுடறேன். நம்ம சார்தான் பாத்து கையெழுத்துப் போடறார்."

நம்ம சார் என்றது என்னை.

நோட்டு வந்தது. தேதி, நேரம், அவள் பெயர், 'வாலு – அம்மா.' எட்டு மாதத்தில் பதினேழு முறை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து, கோணாமல், மணிமணியாக. இரண்டாவது தபால் திரும்பி வந்த அதே திங்கட்கிழமையும் ஒன்று போட்டிருந்தேன். எட்டு மாதமும் நான் தேடிய ஆள், நான் சைக்கிள் நிறுத்தும் இடத்திலிருந்து பத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நோட்டில் நம்பர் இருந்தது. டாக்டரம்மா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இல்லத்திலிருந்து என்று சொன்னதுமே அந்தக் குரல் பதறியது.

"பாப்பாவுக்குக் காய்ச்சலாம்மா?"

"காய்ச்சல் இல்லம்மா. நல்லா இருக்கா. நீங்க உடனே கிளம்பி வர முடியுமா?"

"பெர்மிஷன் கேட்டுட்டு வரேன். ரூம் பாத்துட்டேம்மா, ஒண்ணாந் தேதி கூட்டிட்டுப் போறேன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க."

ஆயாம்மா குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

வக்கீல்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "ஆர்டர் வந்தாச்சு, விசா வந்தாச்சு. அந்தப் பொண்ணுகிட்டப் பேசி, சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்கிடலாமே? குழந்தை அங்க ராணி மாதிரி இருக்கும்."

"அம்மா இருக்கற குழந்தைக்கு அம்மா இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்," என்றார் டாக்டரம்மா. "இதுல ராணி என்ன, மந்திரி என்ன!"

தலைவி என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. பயணத்தை நிறுத்தச் சொல்லி, கோர்ட்டுக்கு."

எழுதினேன். தேதி வாரியாக முதலில் தபால்கள், எதிரே வருகைகள். கடைசிப் பத்தியில்: 'மேற்கண்ட பதினேழு பதிவுகளிலும் வாசிக்காமல் கையொப்பமிட்டவன் நான்.'

தலைவி அந்த வரியில் பேனாவை வைத்தார். "இது வேணுமா? உங்க வேலைக்கே ஆபத்து."

"வேணும்மா. இது இல்லன்னா, நாம ஒழுங்கா தேடினோம்னுதான் நினைப்பாங்க."

அவர் கையெழுத்திட வெகுநேரம் ஆயிற்று. நகல் ஒன்று அந்தத் தம்பதிக்கும் போக வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த உறையில் முகவரி எழுதும்போது மஞ்சள் கட்டில் நினைவுக்கு வந்தது.

இரண்டு உறைகளுக்கும் பசை தடவி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி, சைக்கிளை மிதித்தேன். தபாலாபீஸ் கவுண்ட்டர்காரம்மா எடை பார்த்து, சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"அவசரமா சார்?"

"ஆமாம்மா. இன்னைக்குப் பையிலயே போகணும்."

முத்திரை குத்தி, இரண்டையும் பையில் போட்டார்.