மிர்கனியிடம் ஒரு திட்டம் இருக்கிறது

அன்று மாலை நாஸ்லி ஹானம் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள்: அவருடைய மகன் ஷெரீஃப், பல் மருத்துவர். நாலாம் மாடி வக்தி பெய், தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர். கட்டடத்தின் வாயில்காவலனான நான். நாஸ்லி ஹானம் உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல பொண்ணு வீட்டுக்காரங்க வந்துருவாங்க, மிர்கனி," என்றார் ஷெரீஃப். "ஃபாத்திஹா ஓதிட்டா நிச்சயம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க முடியாது. அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குத் தைரியமில்ல. நீதான் ஏதாவது பண்ணணும்."

எனக்கு எட்டு மணிக்கு அஸ்வான் ரயில். மறுநாள் என் தங்கை தஹீபாவுக்கு நிக்காஹ். அப்பா இல்லை, அவர் பக்கத்து ஆண்களும் இல்லை. பெண்ணுக்குப் பொறுப்பாளனாக மாப்பிள்ளையின் கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளின் மேலும் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, காஜி சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கைக்குட்டைக்கு அடியில் என் கை இருந்தாக வேண்டும். பயணச்சீட்டு அங்கியின் மேல்பையில் இருந்தது. பேச்சை முடித்தால் போதும் என்று "ஹாதிர், டாக்டர்" என்றேன். ஆகட்டும் என்று சொல்வதுதான். குப்பையை எடு என்றாலும் அதைத்தான் சொல்வேன், நிலாவை இறக்கு என்றாலும் அதைத்தான். கெய்ரோவில் எந்த வாயில்காவலனும் அப்படித்தான்.

வக்தி பெய் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா அந்த மூஞ்சிய? ஒரு அசைவு இல்ல. அதுக்குள்ள யோசிச்சு முடிச்சுட்டான்யா. நீ நிம்மதியா இரு."

முகம் அசையாததற்குக் காரணம் கடைவாய்ப் பல். மூன்று நாளாக வலி. ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பல் மருத்துவர். அவருக்கும் அது தெரியவில்லை.

எல்லாம் வக்தி பெய்யால் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஓர் இயக்குநர் அவரிடம் கதை வசனம் கேட்டு வந்தார். லிஃப்ட் பாதியில் நின்றுவிடும் என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்தார். அதற்குள் வக்தி பெய் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டார். நான் மறந்ததை அவர் என் மூளை என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்தவர்தான் ஸம்சம் மாமா. மூன்று ரமலான்களாக வக்தி பெய்யின் தொடரில் வருகிறார். வேலைக்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். எஜமானர்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது தேநீர்த் தட்டோடு வந்து, ஒரே வாக்கியத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போவார். நடிப்பது முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய ஒரு கெய்ரோக்காரர். தெற்கே அஸ்வான் பக்கத்து எங்கள் நூபியப் பேச்சை அவர் பேசுகிற அழகைக் கேட்டால் என் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எதிர்க்கடை இஸ்திரிக்காரன்கூடத் தன் மைத்துனனைச் சமாளிக்க என்னிடம் யோசனை கேட்கிறான். யோசனை இருந்தால் நான் ஏன் வணிகவியல் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் படுக்கிறேன் என்று ஒருவனும் கேட்டதில்லை.

ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். தகப்பனார், தாய், பெண் மாஹிதாப். நான் தட்டுகளைச் சுமந்தேன். ஷெரீஃப் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு பெண் வீட்டார் கேட்கக் கேட்க அவர் தலையாட்ட ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் சரி என்றார். கல்யாணம் எப்போது? கோடையிலேயே வைக்கலாம். வீடு? அம்மாவுக்கு மேல்மாடியிலேயே. எப்படியும் கவிழப்போகிற படகு, எவ்வளவு ஏற்றினால் என்ன என்று நினைத்துவிட்டார். கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதும்போது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் சர்பத் குவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமீன் சொன்னார்கள். நாஸ்லி ஹானம் போட்ட குலவை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாஹிதாப் காற்று வேண்டும் என்று எழுந்து போனாள். சற்று நேரத்தில் ஷெரீஃப் என்னைச் சாப்பாட்டறைக்கு இழுத்துப் போனார்.

"எப்போ?"

"என்ன எப்போ?"

"உன் திட்டம்டா."

"எங்கிட்ட திட்டம் எதுவும் இல்ல, டாக்டர்."

"வெளையாடாத. ஓதியே முடிச்சாச்சு. கடைசி நிமிஷத்துல ஏதாவது செய்வன்னுதானே எல்லாத்துக்கும் தலையாட்டினேன்."

"தலையாட்டினது நீங்க. நான் சர்பத் குடுத்தேன்."

அவர் முகம் வெளுத்தது. சட்டென்று என் மேல்பையில் கை விட்டுச் சீட்டை உருவித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "இதுலேர்ந்து என்னை வெளிய எடுக்கிற வரைக்கும் நீ எங்கயும் போகல."

"நாளைக்கு என் தங்கச்சி நிக்காஹ், டாக்டர். நான் இல்லாம நடக்காது."

"அப்போ சீக்கிரம் யோசி."

கதவோரம் வக்தி பெய் நின்றிருந்தார். சிகரெட் பெட்டியின் முதுகில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "சண்டையா? நடக்கட்டும், நடக்கட்டும். மிர்கனி, கடைசியா என்ன சொன்ன?"

அவரை அடிக்கலாம் என்று தோன்றியது. இரண்டு கையிலும் தட்டு இருந்தது.

பால்கனிக் கதவு பாதி திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெளியே மாஹிதாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். நேராக ஷெரீஃபைப் பார்த்தாள். அழவில்லை.

"அவரோட டிக்கெட்டக் குடுங்க," என்றாள்.

ஷெரீஃப் கோட்டுக்குள் கை விட்டார். அவசரமாக உருவினார். சீட்டு கீழே விழுந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு நானே குனிந்து எடுத்துக்கொண்டேன். மணி ஆறு ஐம்பது.

"இங்க வாங்க, டாக்டர். எனக்குத் தெரிய வேண்டியத மிர்கனி வாயால எதுக்குக் கேக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். மாடிக்கு மாடி அதைத்தான் பார்க்கிறேன். நான் நகரவில்லை. கடைசியில் அவரே பால்கனி வாசற்படியைத் தாண்டி வெளியே போனார்.

"உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகுதுல்ல?" என்றாள் மாஹிதாப் என்னிடம். "கதவச் சாத்திட்டுப் போங்க, மிர்கனி. பூட்டிருங்க. சாவிய எங்கம்மாகிட்ட குடுத்துருங்க. இவரு சொல்லி முடிச்சதும் நான் தட்டுறேன்."

வக்தி பெய் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

நான் அவரைத் தாண்டிப் பால்கனிக் கதவுக்குப் போனேன். ஷெரீஃபின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினேன்.